எர்த் கோளாறு

மூலனூர் முருங்கைச் சந்தையின் தகரக் கொட்டகையில்
எடைமேடைக்கு மேலே வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள்.
நான் மைக்செட்.
நாலு பாக்ஸ், இரண்டு ஹாரன்,
என் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய ஆம்ப்ளிஃபையர்.

துளசிமணி மூன்று வருசம் காடு காடாக முட்டிபோட்டு
எடுத்த தேனீப் படம்.
படத்தில் பேச்சு கிடையாது.
பேச வந்தவர்கள் போல அயர்லாந்துக்காரர்கள் இரண்டு பேர்.
ஈவாவிடம் பிடில்.
டோனல் மடியில் குழல், கக்கத்தில் துருத்தி.
வாய் வைத்து ஊதவே இல்லை அவன்.
முழங்கையால் அமுக்கினான், பாட்டு வந்தது.
“முருங்கைச் சந்தையில முழங்கைக் குழலுங்க!”
என்றார் தரகர் கிட்டுசாமி.
அதற்கே பாதி ஜனம் சிரித்துத் தீர்த்தது.

ஒரு முருங்கைப்பூ வீட்டுக் கதவளவு விரிந்தது.
அடுக்குத் தேனீ ஒன்று
பின்னங்கால்களில் மஞ்சள் மூட்டை கட்டி
எடைக்கு முறை வராதவள் மாதிரி
அங்கேயே சுற்றிச் சுற்றி நின்றது.
பிடில் துள்ளிப் போய்த் திரும்பி
கிளம்பின இடத்துக்கே வந்து மறுபடி துள்ளியது.
நோம்பிக்குக் கம்பம் சுற்றி ஆடுகிற காலுக்கு
அந்தக் கணக்குத் தெரியும்.
முன்வரிசையில் நாலைந்து பாதம் தானாகத் தட்டியது.

எனக்குக் காது வேறிடத்தில்.
எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு ங்ங்ங்ங்.
குழலின் ஒத்தா,
படத்துத் தேனீயா,
இல்லை ஆம்ப்ளிஃபையருக்கு எர்த் பிடிக்கவில்லையா?
மூன்றும் ஒரே சுருதி.
ஒயரைப் பிடித்தபடி தவழ்ந்தேன்.
எடைக்கல் இடித்து முட்டி சிராய்த்தது.
கொட்டகைக்கு வெளியே, காய்ந்த மண்ணில்
நான் அடித்த கம்பி பல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.
தண்ணீர் ஊற்றி இறுக்கப் போனவன்
திரையைத் திரும்பிப் பார்த்தேன்.

மருந்தடித்த மறுநாள்.
பூவெல்லாம் பூவாகவே இருந்தது.
மூட்டையை அவிழ்க்காமல்
உதிர்ந்து கிடந்தன அவை.
ஈவா நரம்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.
டோனலின் முழங்கை தளர்ந்துவிட்டது.
கொட்டகையில் மிச்சம்
என் எர்த் கோளாறு மட்டும்.
கம்பியை அப்படியே விட்டுவிட்டேன்.

டீ குடிக்கும்போது டோனல் சொன்னான்,
துளசிமணி தமிழில் சொன்னாள்:
அவன் பக்கத்தில் வீட்டில் யாராவது தவறினால்
பெட்டியைத் தட்டி
தேனீக்களுக்கும் தகவல் சொல்லணுமாம்.
சொல்லாவிட்டால் கோவித்துக்கொண்டு போய்விடுமாம்.
பொன்னாத்தா டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டாள்:
“மருந்தடிக்கப் போறம்னு
சொல்லிப்போட்டு அடிச்சா ஆகுமுங்களா?”
சிலர் சிரித்தார்கள்.
துளசிமணி அதை அவனுக்குச் சொல்லவில்லை.

என் தொழிலும் அதுதான்.
ஆட்டோவில் ஹாரன் கட்டி
‘இன்னாரின் தகப்பனாரும், இன்னாரின் மாமனாருமான’ என்று
பதினெட்டு வருசமாகச் சாவு சொல்கிறேன்.
சந்துக்கு இரண்டு தடவை.
என் குரலுக்கு இப்போது நாய்கூடக் குரைப்பதில்லை.
முருங்கைக்காடு வந்தால் சவுண்டைக் குறைத்துவிடுவேன்,
கேட்க ஆளில்லையே என்று.

சாமான் ஏற்றிக் கிளம்பப் பதினொன்றரை ஆனது.
வழியில் எங்கள் இரண்டு ஏக்கர்.
நாளைக்கு மருந்து; தம்பி ஆள் சொல்லிவைத்திருக்கிறான்.
வண்டியை ஓரங்கட்டினேன்.
இருட்டில் பூ மட்டும் தெரிந்தது.
ஹலோ, மைக் டெஸ்ட், ஒன், டூ...
பேரில்லாமல் எப்படித் தொடங்குவது?
யாருக்கு யார் தகப்பன்?
“நாளைக் காலை ஏழு மணியளவில்” என்றேன்.
அதற்கப்புறம் வாய் தானாகச் சொல்லும் வரி
‘நல்லடக்கம் செய்யப்படும்’ என்பது.
மைக்கைக் கையால் பொத்திக்கொண்டேன்.

கிணற்று மேட்டு வீட்டில் லைட் எரிந்தது.
லுங்கியை இறுக்கிக்கொண்டே
வரப்பில் ஓடிவந்தான் பெரியதம்பி:
“ஆருங்க மாமா தவறுனது?”